நெட் போனாலும் நிற்காத சர்வர்

பள்ளியில் உள்ள வைஃபை மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். 192.168.1.1 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். அதை பிரவுசரில் தட்டினால், இணையம் அறுந்து கிடக்கும் நாளிலும் ஒரு பக்கம் திறந்து பாஸ்வேர்டு கேட்கும். அந்தப் பக்கம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருந்தே வருகிறது. பெட்டியை இயக்கும் மென்பொருளுக்குள் ஒரு குட்டி வெப் சர்வரைப் பொதித்து வைத்திருக்கிறார்கள்.

“சர்வர் பிஸி” என்ற அறிவிப்பின் மூலமாகத்தான் நம்மில் பலருக்கு சர்வரோடு பழக்கம். அதனால் அது எங்கோ குளிரூட்டிய அறையில் இருக்கும் பெரிய இயந்திரம் என்று நினைக்கிறோம். உண்மையில் சர்வர் என்பது ஒரு நிரல். ஒருவர் கேட்கும் பக்கத்தை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. நிரல் என்றால் அதை இன்னொரு நிரலுக்குள்ளும் வைக்கலாம் அல்லவா?

நம் ஊர்க் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் பிடித்து, அவர்கள் விதிகளுக்குக் கட்டுப்பட்டு, மாப்பிள்ளை பெண்ணோடு நாம் அங்கே போவது ஒரு வகை. வீட்டு வாசலிலேயே பந்தல் போடுவது இன்னொரு வகை. பெரிய சர்வரில் நம் மென்பொருளைக் கொண்டுபோய் நிறுவுவது மண்டபக் கல்யாணம். நம் மென்பொருளுக்குள் சர்வரை வைத்துக்கொள்வது பந்தல் கல்யாணம். கிரெக் வில்கின்ஸ் 1995இல் தொடங்கிய ஜெட்டி என்ற ஜாவா சர்வர் இந்தப் பந்தல் வேலைக்குப் பெயர் பெற்றது. எக்லிப்ஸ் மென்பொருளில் உதவிப் பக்கங்களைத் திறந்தால், உள்ளிருந்து அவற்றை எடுத்துத் தருவது ஜெட்டிதான். பைத்தான் பயில்வோர் திறக்கும் ஜூபிட்டர் நோட்புக்கும் இதே வழிதான்.

இது கோவில்பட்டி வட்டாரத்து ஆசிரியருக்கு எதற்கு? கரிசல்காட்டுக் கிராமங்களில் செல்போன் சிக்னல் மழையைப் போல; வரும், வராது. என் மாணவர்களில் பலருடைய பெற்றோர் தீப்பெட்டி ஆபீஸுக்கும் காட்டு வேலைக்கும் போகிறவர்கள். வீட்டில் இருக்கும் ஒரே போனும் அப்பாவோடு போய்விடும். தேடிப் படிக்கும் வாய்ப்பு பிள்ளைகளுக்குப் பள்ளியில்தான் கிடைக்க வேண்டும். அங்கும் நெட் இல்லை என்றால் அன்றைய பாடம் அவ்வளவுதான்.

இங்கேதான் கிவிக்ஸ் கைகொடுக்கிறது. விக்கிப்பீடியாவை இணையமின்றிப் படிப்பதற்காக 2007இல் தொடங்கப்பட்ட இலவச மென்பொருள் அது. 2003இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அவை மொத்தமும் ‘ஜிம்’ என்ற வகைக் கோப்பாகச் சுருங்கி ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். நெட் உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும். பிறகு கிவிக்ஸின் மெனுவில் உள்ளூர் சர்வரைத் தொடங்கச் சொன்னால் ஒரு முகவரியைக் காட்டும். ஆய்வகத்தின் மற்ற கணினிகளில் அந்த முகவரியைத் தட்டினால் கட்டுரைகள் திறக்கும். அவற்றில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. பிரவுசர் இருந்தால் போதும். கிவிக்ஸுக்குள் இருக்கும் சர்வரின் பெயர் லிப்மைக்ரோஎச்டிடிபிடி. வேறு மென்பொருள்களுக்குள் பொதிப்பதற்கென்றே சி மொழியில் எழுதப்பட்ட நூலகம் அது.

ஒன்பதாம் வகுப்பில் கி. ராஜநாராயணனைத் தேடச் சொன்னேன். இடைசெவல் என்ற பெயரைத் திரையில் பார்த்ததும் ஒரு மாணவி, “சார், இது எங்க அத்தை ஊருக்குப் பக்கம்!” என்றாள். அன்று மோடத்தில் சிவப்பு விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. (மின்சாரம் போனால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை.)

பந்தலுக்குள் யாரும் நுழையலாம் என்பதை மறக்கக்கூடாது. உள்ளே வைத்த சர்வர் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் காது கொடுத்தால், அதே கணினியில் இருப்பவருக்கு மட்டுமே பதில் சொல்லும். 0.0.0.0 என்று அமைத்தால் வலையமைப்பில் உள்ள எல்லோருக்கும் கதவு திறந்துவிடும். வகுப்புக்கு இரண்டாவதுதான் தேவை. ஆனால் மாணவர் விவரங்கள் உள்ள கணினியில் அதைச் செய்யாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்கும்போது படித்துப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். ஆய்வகக் கணினியில் எதையும் நிறுவும் முன் தலைமையாசிரியரின் ஒப்புதலும் வேண்டும்.

மேல்நிலைக் கணினி ஆசிரியர்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 12ஆம் வகுப்பில் பைத்தானும் எஸ்க்யூலைட்டும் பாடமாக உள்ளன. எஸ்க்யூலைட்டே நிரலுக்குள் பொதிந்த தரவுத்தளம்தான். அந்தப் பெயரைச் சொல்லாமலே கற்பித்துக்கொண்டிருக்கிறோம். பைத்தானோடு ‘எச்டிடிபி.சர்வர்’ என்ற தொகுதியும் சேர்ந்தே வருகிறது. இரண்டையும் இணைத்தால் ஆய்வகத்துக்குள் ஓடும் வினாடி வினா தயார். பொதுவெளிக்கு இந்தத் தொகுதி ஏற்றதல்ல என்று பைத்தான் ஆவணமே எச்சரிக்கிறது. நான்கு சுவருக்குள் பழகுவதற்குத் தாராளமாகப் பயன்படும்.

மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சர்வரை ஓடவிடும் வரியை எட்டியதும் நிரல் அங்கேயே நின்று வேண்டுகோளுக்காகக் காத்திருக்கும்; அதற்குக் கீழே எழுதிய எதுவும் நடக்காது. சர்வரைத் தனி ‘த்ரெட்’டில் ஓடவிட்டால் முதன்மை நிரல் தன் வேலையைத் தொடரும். அடுத்த சிக்கல், இருபது பேர் ஒரே நேரத்தில் விடையை அனுப்பும்போது வரும். சாதாரண எச்டிடிபிசர்வர் ஒவ்வொருவராகத்தான் கவனிக்கும். பைத்தான் 3.7 முதல் உள்ள த்ரெடிங்எச்டிடிபிசர்வர் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தனி த்ரெட் ஒதுக்கும். அப்படி மாற்றினால், ஒரு த்ரெட்டில் திறந்த எஸ்க்யூலைட் இணைப்பை இன்னொன்றில் பயன்படுத்த பைத்தான் இயல்பாக விடாது. வேண்டுகோளைக் கவனிக்கும் செயற்கூறுக்குள்ளேயே இணைப்பைத் திறந்து, மதிப்பெண்ணைப் பதிந்ததும் மூடிவிடச் சொல்லுங்கள்.