பிஞ்சு மூளையில் வடிகால் அடைப்பு

சிவில், மெக்கானிக்கல் என்று படித்துக் கொண்டிருக்கும் நமக்கு மருத்துவக் கட்டுரை எதற்கு என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இதுவும் பைப் லைன் சமாச்சாரம்தான்!

மூளைக்கு இரத்தம் கொண்டு வருவது தமனி. வேலை முடிந்த இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு போவது சிரை. மூளையின் மேலுறைக்குள் அகலமான கால்வாய் போல ஓடும் பெரிய சிரைகளுக்கு 'சைனஸ்' என்று பெயர். (ஜலதோஷம் பிடித்தால் வலிக்கிறதே, அந்த சைனஸ் வேறு!) தமனி அடைத்தால் பக்கவாதம் வரும் என்பது நமக்குத் தெரியும். இந்தக் கால்வாயில் இரத்தம் உறைந்து அடைத்துக் கொண்டால்? வரத்து நிற்கவில்லை, போக்குதான் நின்றது. பின்னால் பிரஷர் ஏறுகிறது. மூளை வீங்குகிறது. மெல்லிய குழாய்கள் தாங்காமல் இரத்தம் கசியவும் செய்யும். ஒரே இடத்தில் அடைப்பும் கசிவும்! அங்கேதான் விபரீதம்.

பிறந்த குழந்தைக்குப் போய் இது ஏன் வருகிறது? குழாய்க்குள் இரத்தம் உறைய மூன்று காரணங்களை ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்கோவின் பெயரால் இன்றும் சொல்கிறார்கள்: ஓட்டம் மந்தமாவது, குழாயின் சுவர் கெடுவது, இரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது. சிசுவிடம் மூன்றுக்கும் இடமுண்டு. அதன் மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டியிருக்காது. பிரசவத்தின்போது நகர்ந்து கொடுக்கும். உச்சியில் அந்த எலும்புகள் சேரும் கோட்டுக்கு நேர் கீழேதான் முக்கியமான கால்வாய் ஓடுகிறது, நசுங்கலாம். கிருமித் தொற்று, பிறவி இதயக் கோளாறு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், இவையும் காரணமாகலாம். அப்புறம் உடம்பில் நீர் வற்றுவது. 3 கிலோ குழந்தையின் மொத்த இரத்தமே சுமார் கால் லிட்டர்தான். ஒரு டம்ளர்! பால் சரியாகக் குடிக்காவிட்டால் அதன் கதி என்ன என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கனடாவில் 1992-ல் குழந்தைகள் மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு பதிவேடு தொடங்கின. 6 ஆண்டுகளில் இந்த நோயோடு வந்தவர்கள் 160 பேர். ஆண்டுக்கு 1 லட்சம் குழந்தைகளில் 0.67 பேர், அதாவது அபூர்வம்தான். ஆனால் 2001-ல் வெளியான அந்த ஆய்வில், அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் பிறந்து சில நாட்களே ஆன சிசுக்கள்.

பெரியவர் என்றால் "தலை வலிக்குது" என்பார். சிசு என்ன சொல்லும்? வலிப்பு வந்தாலும் கைகால் வெட்டி இழுக்க வேண்டும் என்பதில்லை. கண் ஒரே பக்கம் நிலைகுத்தும், வாய் சப்புக்கொட்டும், கால் சைக்கிள் மிதிக்கும், சில விநாடி மூச்சு நிற்கும். அல்லது எழுப்பினாலும் எழாமல், பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும். வீட்டில் 'மாந்தம்' என்று பாட்டி உரைமருந்து இழைத்துக் கொண்டிருப்பார். நேரம் போய்க் கொண்டே இருக்கும். கையை மெல்லப் பிடித்தால் நின்றுவிடும் நடுக்கம் பெரும்பாலும் வலிப்பு இல்லை. பிடித்தும் துடிப்பு நிற்காவிட்டால் உடனே ஆட்டோவைக் கூப்பிட வேண்டியதுதான்.

கண்டுபிடிப்பதில் நம்ம பிசிக்ஸ் வேலை செய்கிறது. அல்ட்ராசவுண்ட் அலை எலும்பைச் சரியாகத் தாண்டாது. ஆனால் சிசுவின் உச்சிக்குழி எலும்பில்லாத ஜன்னல்! அதன் வழியே அலையை அனுப்பி, டாப்ளர் விளைவை வைத்து இரத்தம் ஓடுகிறதா, நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் சிரைகளின் முழு வரைபடமே கிடைக்கும்.

சிகிச்சையில் நீர்ச்சத்து, தொற்றுக்கு மருந்து, வலிப்புக்கு மருந்து எல்லாம் உண்டு. உறைவு வளராமல் தடுக்கும் ஹெப்பாரினை சிசுவுக்குக் கொடுப்பதில்தான் சிக்கல். ஏற்கனவே கசிவு இருந்தால் அது கூடிவிடுமோ என்ற பயம். கொடுக்காவிட்டால் அடைப்பு நீளுமோ என்ற பயம். டாக்டர்களிடையே இன்னும் விவாதம் உண்டு. ஸ்கேனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

கனடா பதிவேட்டில் 8 சதவீதம் பேர் இறந்தார்கள். அதில் பாதிதான் இந்த அடைப்பால். 38 சதவீதம் பேருக்கு நரம்புக் குறைபாடு தங்கியது. நலமாக வீடு திரும்பும் குழந்தையையும் குப்புறுகிறதா, உட்காருகிறதா, பேசுகிறதா என்று பல வருடம் டாக்டரிடம் காட்டிக் கொண்டிருக்க வேண்டும். குறை தெரிந்தால் பயிற்சியை அப்போதே தொடங்கி விடுவார்கள்.