என் தரை, உன் கூரை

அடுக்குமாடி வீடு ஒன்றின் குளியலறை உட்கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது. முதலில் மஞ்சள் நிறக் கறை தோன்றியது. பிறகு சாயம் உரிந்தது. இப்போது கீழே வாளி வைக்கவேண்டிய நிலை. கீழ்வீட்டார் மாடியேறிச் சென்று மேல்வீட்டின் கதவைத் தட்டுகின்றனர். "எங்கள் வீட்டில் எந்தக் குழாயும் உடையவில்லையே!" என்று மேல்வீட்டார் வியக்கின்றனர். சேதம் தெரிவது கீழ்வீட்டில். கசிவு தொடங்குவது மேல்வீட்டுத் தரையில். அப்படியானால் பழுதுபார்க்கும் செலவை யார் ஏற்பது?

ஒருவர் மிதிக்கும் தரையே மற்றொருவரின் கூரையாக இருக்கும்போது, 'என் வீடு' என்பதன் எல்லை எது என்ற கேள்வி எழுகிறது. சிங்கப்பூர்வாசிகளில் ஏறக்குறைய ஐவரில் நால்வர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் வாழ்கின்றனர். கூட்டுரிமை வீடுகளில் வாழ்வோரும் பலர். ஆகவே, இக்கேள்வி நம்மில் பெரும்பாலோருக்கு உரியது.

ஐந்தடிப் பாதை

இக்கேள்வி மாடி வீடுகளோடு பிறந்ததன்று. லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளைப் பாருங்கள். அடுத்தடுத்த இரு கடைவீடுகளுக்கு இடையே பெரும்பாலும் ஒரே சுவர்தான் இருக்கும். ஒருவர் அச்சுவரை இடித்தால் அண்டைவீட்டாரின் உத்திரமும் ஆட்டம் காணும்.

கடைவீடுகளின் முன்னால் மக்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்கும் ஐந்தடிப் பாதை உண்டு. ஒவ்வொரு வீட்டின் முன்பும் கூரையுடன் கூடிய தாழ்வாரம் தொடர்ச்சியாக அமைய வேண்டும் என்னும் விதி, 1822ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே இடம்பெற்றது. வீடு ஒருவருக்குச் சொந்தம். ஆனால், அதன் முன்னால் நடக்கும் வழி ஊருக்குப் பொது. 1989ஆம் ஆண்டில் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட வேண்டிய வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அதன்பின், கடைவீட்டு உரிமையாளர் தம் விருப்பம்போல் முகப்பை இடித்து மாற்ற முடியாது. உடைமை தனியார் கையில் இருந்தாலும் அதில் பிறருக்கும் அக்கறை உண்டு என்பதையே இவ்விதிகள் காட்டுகின்றன.

எது நமது? எது பொது?

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளன்று தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அதன் வீடுகள் வாடகைக்கே விடப்பட்டன. மக்கள் சொந்த வீடு வாங்குவதற்கான திட்டம் 1964ஆம் ஆண்டில் அறிமுகமானது. 1968ஆம் ஆண்டுமுதல், மத்திய சேம நிதியில் உள்ள சேமிப்பைக் கொண்டு வீடு வாங்கவும் வழி பிறந்தது. வாடகைக்குக் குடியிருந்த பலர் வீட்டு உரிமையாளர்களாக மாறினர்.

வீவக வீட்டை வாங்குபவருக்கு அவ்வீட்டில் 99 ஆண்டுகளுக்குக் குத்தகை உரிமை கிடைக்கிறது. அவர் அதில் குடியிருக்கலாம். விதிகளுக்கு உட்பட்டு அறையை வாடகைக்கு விடலாம். பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டுகள் வசித்தபின் விற்கலாம். எனினும், தாழ்வாரம், மாடிப்படி, மின்தூக்கி, கீழ்த்தளம், மொட்டைமாடி ஆகியவை எந்த ஒரு குடும்பத்துக்கும் சொந்தமல்ல, எல்லாருக்கும் பொதுவானவை. தேக்கா நிலையத்தை ஒட்டிய பஃபலோ சாலை வீடுகளுக்கும் ஜூரோங்கில் உள்ள வீடுகளுக்கும் இதுவே விதி.

பொது இடங்களைப் பராமரிக்கும் பொறுப்பு நகர மன்றங்களிடம் உள்ளது. இதற்கான சட்டம் 1988ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. குடியிருப்பாளர் மாதந்தோறும் செலுத்தும் சேவை, பராமரிப்புக் கட்டணத்தைக் கொண்டு துப்புரவுப் பணிகள் நடைபெறுகின்றன. அதில் ஒரு பகுதி, பின்னாளில் வரும் பெருஞ்செலவுகளுக்காகத் தனி நிதியில் சேர்க்கப்படுகிறது. மின்தூக்கியை மாற்றுதல், கட்டடத்துக்குச் சாயம் பூசுதல் போன்ற வேலைகள் அதன்மூலம் நடைபெறுகின்றன. ஒருவர் கட்டணம் செலுத்தத் தவறினால் அந்தச் சுமை ஒழுங்காகச் செலுத்தும் அண்டைவீட்டார்மீது விழுகிறது.

கூட்டுரிமைக் குடியிருப்பில் நகர மன்றத்துக்குப் பதிலாக நிர்வாகக் கழகம் செயல்படுகிறது. அங்கு வீடு வாங்கும் ஒவ்வொருவரும் தாமாகவே அக்கழகத்தின் உறுப்பினராகிவிடுகிறார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு மதிப்பு உண்டு. பராமரிப்புக் கட்டணம் அதைப் பொறுத்தே அமையும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கலந்துகொண்டு கணக்கைக் கேட்பதும் வாக்களிப்பதும் அவருடைய உரிமைகள். கூட்டத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டு, பிறகு முடிவைக் குறைகூறுவதில் பயனில்லை.

சிராங்கூன் சாலையில் நடந்த விபத்து

வீட்டின் உட்புறம் முழுவதும் உரிமையாளரின் விருப்பத்துக்கு உட்பட்டதா? அதுவும் இல்லை. புதுப்பிப்பு வேலைக்கு ஏன் இத்தனை விதிகள் என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. அதற்கான விடையைச் சிராங்கூன் சாலையிலேயே காணலாம்.

சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் ஆறு மாடிகள் கொண்ட லியான் யாக் கட்டடம் இருந்தது. அதில் நியூ வோர்ல்டு ஹோட்டலும் ஒரு வங்கியும் இயங்கின. 1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் காலையில் அக்கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் இடிந்து தரைமட்டமானது. 33 பேர் மாண்டனர். இடிபாடுகளிலிருந்து 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். கட்டடத்தின் சொந்த எடையைக் கணக்கில் கொள்ளாமல் தூண்களை வடிவமைத்ததே விபத்துக்கு முக்கியக் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. கட்டிய நாள்முதலே பலவீனமாக இருந்த தூண்கள்மீது, பின்னர் சேர்க்கப்பட்ட பொருள்களின் எடையும் ஏறியது.

அது குடியிருப்புக் கட்டடம் அன்று. ஆயினும், அங்கு நேர்ந்த இழப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் பாடமானது. அதன்பின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. குடியிருப்புக் கட்டடங்களைப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறையும் மற்றக் கட்டடங்களை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையும் தகுதிபெற்ற பொறியாளர் சோதிக்க வேண்டும் என்பது கட்டாயமானது.

வீவக வீட்டில் சுமைதாங்கும் சுவரை இடிக்கக்கூடாது என்பதும், தரையில் பதிக்கும் ஓடும் அதன் அடியில் இடும் சிமெண்டுக் கலவையும் சேர்ந்து 50 மில்லிமீட்டர் தடிமனை மீறக்கூடாது என்பதும் இத்தகைய அக்கறையால் அமைந்த விதிகளே. ஒரு வீட்டில் கூடும் எடை சிறிதாகத் தோன்றலாம். எல்லா மாடிகளிலும் அவ்வாறே கூடினால், அவ்வளவு சுமையையும் கீழே உள்ள தூண்கள்தாமே தாங்க வேண்டும்?

சன்னலுக்கும் இது பொருந்தும். பக்கவாட்டில் திறக்கும் சன்னல்களில் உள்ள அலுமினிய ஆணிகளை நீக்கித் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளைப் பொருத்த வேண்டும் என்னும் விதி 2004ஆம் ஆண்டுமுதல் நடப்பில் உள்ளது. சன்னல் உரிமையாளருடையது, ஆனால், அது பெயர்ந்து விழுந்தால் அடிபடுபவர் கீழே நடந்து செல்லும் யாரோ ஒருவர். தாழ்வாரத்தில் செருப்பு அடுக்கும் பூந்தொட்டிகளும் வைக்கும்போது, 1.2 மீட்டர் அகல வழியை விட்டுவைக்க வேண்டும் என்பதும் பிறர் உயிர் காக்கும் விதியே. தீப்பற்றும் நேரத்தில் முதியவர் ஒருவர் புகைக்குள் தடுமாறி வெளியேற வேண்டிய வழி அது.

பெரும்பான்மையின் கடமை

பலர் சேர்ந்து வாழும் கட்டடத்தில் எல்லா முடிவுகளையும் எல்லாரும் ஒருமனதாக எடுக்க இயலாது. பழைய வீவக வீடுகளுக்கான இல்ல மேம்பாட்டுத் திட்டம் ஒரு புளோக்கில் நடைபெற, தகுதியுள்ள சிங்கப்பூர்க் குடிமக்கள் வீடுகளில் குறைந்தது 75 விழுக்காட்டினர் ஆதரித்து வாக்களிக்க வேண்டும்.

தனியார் குடியிருப்பை ஒட்டுமொத்தமாக விற்பது இதைவிடப் பெரிய முடிவு. முன்பு உரிமையாளர் அனைவரும் சம்மதிக்க வேண்டியிருந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப்பின், பத்தாண்டும் அதற்கு மேலும் ஆன கட்டடத்துக்கு 80 விழுக்காடும், அதைவிடப் புதியதற்கு 90 விழுக்காடும் ஆதரவு இருந்தால் போதும் என்றானது. அதனால், விற்க விரும்பாத சிறுபான்மையினரும் வீட்டை விட்டுச் செல்ல நேரிடலாம்.

அதற்காகப் பெரும்பான்மையினர் எப்படியும் நடந்துகொள்ளலாம் என்பதில்லை. லியோனி ஹில் பகுதியில் உள்ள ஹொரைசன் டவர்ஸ் குடியிருப்பை 500 மில்லியன் வெள்ளிக்கு விற்க முடிவானது. எதிர்த்த உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். விற்பனைக் குழு எல்லா உரிமையாளரின் நலனையும் கருதி நேர்மையாக நடந்திருக்க வேண்டும் என்று கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009ஆம் ஆண்டில் அவ்விற்பனையைத் தள்ளுபடி செய்தது. முடிவெடுக்கும் உரிமை பெரும்பான்மையினருக்கு உண்டு. சிறுபான்மையினரின் நலன் காக்கும் கடமையும் அவர்களுக்கே உண்டு.

கதவைத் தட்டும் முன்

இனி, தொடக்கத்தில் கண்ட நீர்க்கசிவுக்குத் திரும்புவோம். வீவக வீடாக இருந்தால், பழுதுபார்க்கும் பொறுப்பு மேல்வீட்டார், கீழ்வீட்டார் இருவருக்கும் உரியது. கழகத்தின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தின்கீழ் கழகம் பாதிச் செலவை ஏற்கிறது. எஞ்சிய பாதியை இரு வீட்டாரும் ஆளுக்கு 25 விழுக்காடாகப் பகிர்ந்துகொள்கின்றனர். கூட்டுரிமை வீடாக இருந்தாலோ, வேறு காரணம் மெய்ப்பிக்கப்படாத வரையில், குறை மேல்வீட்டில் இருப்பதாகவே சட்டம் கருதுகிறது.

ஆனால், எந்தச் சட்டமும் தானாக வந்து கசிவை அடைப்பதில்லை. மேல்வீட்டார் கதவைத் திறந்து, வேலையாள்கள் தரையைச் சோதிக்க இடம்தர வேண்டும். சில நாள் அவர்கள் அந்தக் குளியலறையைப் பயன்படுத்த முடியாமல் போகலாம். கீழ்வீட்டார் சினந்து பேசாமல், நிலைமையை எடுத்துச்சொல்ல வேண்டும். பேச்சு முறிந்தால், 1998ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சமூக சமரச நிலையத்தை நாடலாம். அங்குப் பயிற்சிபெற்ற நடுவர் ஒருவர் இரு தரப்பினரையும் ஒரே மேசையில் அமர்த்திப் பேசவைப்பார். இரைச்சல் போன்ற அண்டைவீட்டுத் தொல்லைகள் அங்கும் தீராவிட்டால், 2015ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட நடுவர் மன்றத்தை நாடலாம்.

வழக்கில் வென்றாலும் தோற்றாலும், மறுநாள் காலையில் இருவரும் ஒரே மின்தூக்கியில்தான் இறங்க வேண்டும். அடுக்குமாடி வீட்டில் ஒவ்வொருவரும் யாருக்கோ மேல்வீட்டார், யாருக்கோ கீழ்வீட்டார். நம் தலைக்கு மேல் உள்ள தரை உறுதியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் உரிமை. நம் காலுக்குக் கீழ் உள்ள கூரையைக் காப்பது நம் கடமை.