கம்பியின்றி மின்னேற்றம்

உங்கள் கைப்பேசியில் கம்பியில்லா மின்னேற்ற வசதி இல்லையா? மெல்லிய ஏற்புச் சுருள் ஒன்றை அதன் முதுகில் ஒட்டி, நாடா முனையை மின்னேற்றத் துளையில் செருகினால் போதும்.

இங்கே நடப்பது 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே. மின்னேற்றத் தட்டின் சுருளில் மின்னோட்டம் நொடிக்கு இலட்சம் தடவைக்கு மேல் திசை மாறுகிறது. அதனால் மாறும் காந்தப்புலம் ஏற்புச் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. சிறு மின்சுற்று ஒன்று அதை 5 வோல்ட் நேர்திசை மின்சாரமாக்குகிறது.

சுருளின் ஒரு பக்கத்தில் ஃபெரைட் தாள் இருக்கும். அது வெறும் உறையன்று. கைப்பேசியின் உலோகப் பாகங்களுக்குள் புலம் புகாமல் காக்கிறது. அந்தப் பக்கம் கைப்பேசியை நோக்கியே இருக்கட்டும். தட்டுக்கும் கைப்பேசிக்கும் இடையே நாணயம் அகப்பட்டால், அதில் சுழல் மின்னோட்டம் தோன்றிச் சூடேறும். வெப்பம் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும் அல்லவா?