கடலூர் குண்டும் நம்ம லேப்டாப் சாம்ராஜ்யமும்

ராத்திரி 1 மணிக்கு யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 ஆடுற ஒருத்தர் உங்க ஹாஸ்டலிலும் கண்டிப்பா இருப்பார். 1444-ல் விஜயநகரத்தை எடுத்து ஆரம்பிச்சு, 1700-க்குள் லண்டனில் கொடி நட்டுட்டு, காலையில் முதல் ஹவரில் தூங்கி விழுவார். பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவர் சொல்லுவார்: "இதெல்லாம் சும்மா மச்சி. இங்கிலீஷ்காரன் ஜெயிக்கணும்னு இருந்துச்சு, ஜெயிச்சான்."

இதில் யார் சொல்றது சரி?

இந்தக் கேள்வி கேம் செய்கிறவர்களையும் விடவில்லை. 2001-ல் வந்த யூரோப்பா யுனிவர்சாலிஸ் 2-ல் பல நிகழ்ச்சிகள் தேதிப்படி வரும். நீங்க உலகத்தையே தலைகீழா மாத்தி வச்சிருந்தாலும், அந்த வருஷம் வந்தா அந்த அரசர் வந்து உட்கார்ந்துடுவார். தண்டவாளத்தில் போகிற ரயில் மாதிரி. பின்னால் வந்த பாகங்களில், தேவையான சூழ்நிலை அமைந்தால்தான் நிகழ்ச்சி வரும் என்று மாற்றினார்கள். ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-ல் கம்ப்யூட்டர் நாடுகள் வரலாற்றுப்படி நடக்கணுமா வேண்டாமா என்று நீங்களே தேர்வு செய்யலாம்.

இதையெல்லாம் விட சுவாரசியமானது யூரோப்பா 4-ல் இருக்கிற 'அதிர்ஷ்ட நாடுகள்' அமைப்பு. இங்கிலாந்து, பிரான்ஸ், ஒட்டோமான் போன்ற நாடுகளைக் கம்ப்யூட்டர் ஆடும்போது, அவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் பலம் தருவாங்க. அப்போதான் உலகம் நமக்குத் தெரிந்த வரலாறு போல நகரும். யோசிச்சுப் பாருங்க: பின்னால் இருந்து தள்ளிவிட்டால்தான் வரலாறு பழைய பாதையில் போகும் என்றால், அது எந்த வகையில் விதி?

கேமை மினிமைஸ் பண்ணிட்டு, சிதம்பரத்தில் இருந்து கடலூர் பஸ்ஸில் ஏறுங்க. ஜன்னல் ஓரமா உட்காருங்க. இந்த ரூட்டே ஒரு வியூகக் கேம் மேப்தான்.

முதலில் கடலூர், தேவனாம்பட்டினம். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் இருந்து இங்கே இருந்த கோட்டையை விலைக்கு வாங்கியது. அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. கூடவே எவ்வளவு நிலம் என்பதற்கு ஒரு விசித்திரமான கணக்கு: கோட்டையில் இருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுதோ, அதுவரை கம்பெனிக்குச் சொந்தம். இதுக்காகவே மெட்ராஸில் இருந்து பெரிய பீரங்கியை அனுப்பினார்கள். கடலூர் ஊரும் சுற்றுக் கிராமங்களும் அந்த வட்டத்துக்குள் வந்தன. 'குண்டு கிராமங்கள்' என்ற பெயரே உண்டு. ஒரு ஊர் யாருக்குச் சொந்தம் என்பதைப் பீரங்கிக்காரர் போட்ட மருந்தின் அளவு முடிவு செய்தது. எந்தக் கேமிலாவது இப்படி வந்தால் 'ரியலிஸ்டிக்கா இல்லை' என்று ரிவ்யூ எழுதிடுவோம்.

அடுத்தது 1781 பிப்ரவரி. ஐதர் அலியோடு போர். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தன் படையோடு கடலூருக்கு வந்து சேர்ந்தார். நாட்டுப்புறம் முழுக்க ஐதரின் குதிரைப்படை. கூட்டுக்கு அரிசி வரணும்னா கடல் வழியாகத்தான் வரணும். அந்தக் கடலில் நின்றது தோர்வ் என்பவரின் பிரெஞ்சுக் கப்பற்படை. ஆங்கிலேயக் கப்பற்படை அப்போது மேற்குக் கரையில். தோர்வ் அங்கேயே நின்றிருந்தால் போதும், கூட்டின் படை பட்டினியிலேயே பணிந்திருக்கும். ஐதர் இருக்கச் சொல்லிக் கேட்டார். தோர்வ் கேட்கவில்லை, மொரீஷியஸ் பக்கம் கிளம்பிட்டார். ஒரே ஒரு ஆளின் முடிவு.

அந்த ஜூனில் கூட் வெள்ளாற்றைத் தாண்டி வந்து சிதம்பரம் கோயிலைத் தாக்கினார். கோயில் மதிலையே கோட்டையாக்கி ஐதரின் படை உள்ளே இருந்தது. கூட் தோற்றுப் பின்வாங்கினார். ஆனால் ஜூலை 1-ல் பரங்கிப்பேட்டையில், தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஐதரின் படையை வென்றார். பி.முட்லூரில் பஸ் நிற்கும்போது, பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் ரோட்டைப் பாருங்க. அந்தப் பக்கம்தான்.

'அப்போ எல்லாமே சான்ஸ்தானா?' என்று கேட்பீங்க. இல்லை. இங்கே அந்தப் பக்கத்துக் கட்டில்காரர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கு. கம்பெனியிடம் 1765 முதல் வங்காளத்தின் வரி வசூல் இருந்தது. கூட் கடலூரில் தோற்றிருந்தாலும், பணம் இருக்கிறவரை இன்னொரு படையைத் திரட்டியிருக்கலாம். நம்ம பாஷையில் சொன்னா, கம்பெனிக்கு ஒரு தோல்வி என்பது ஒரு அரியர். ஃபீஸ் கட்டி மறுபடி எழுதிக்கலாம். ஐதருக்கு அத்தனை அட்டெம்ப்ட் கிடையாது. பணமும் கடலும் யார் ஜெயிப்பார் என்று எழுதி வைப்பதில்லை. யார் எத்தனை முறை தோற்கலாம் என்பதைத்தான் தீர்மானிக்கும். 'அதிர்ஷ்ட நாடு' என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியலை.

சரி, கேமில் கிடைக்கிற சுதந்திரமாவது நிஜமா? அதுக்கு மறுபடி கடலூருக்கே வரணும், 1783 ஜூனுக்கு. இப்போது ஊருக்குள் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை, வெளியே முற்றுகை போட்டிருப்பது ஜெனரல் ஸ்டூவர்ட். ஜூன் 13-ல் பெரும் தாக்குதல். இரு பக்கமும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். ஜூன் 20-ல் கடலில் சுஃப்ரானும் ஹியூஸும் மோதினார்கள். ஜூன் கடைசியில் ஒரு கப்பல் வெள்ளைக்கொடியோடு வந்து சேதி சொன்னது: பிரிட்டனும் பிரான்சும் ஜனவரி 20-லேயே சமாதான முன்னொப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுட்டாங்க.

ஐந்து மாசத்துக்கு முன்னாலேயே முடிவுக்கு வந்த போருக்காக கடலூர் மண்ணில் அத்தனை பேர் விழுந்தார்கள். கேமில் இது நடக்கவே நடக்காது. சமாதான பட்டனை அமுக்கின நொடியே உலகம் முழுக்கப் போர் நின்றுவிடும். ஸ்பேஸ் பாரை அமுக்கினா காலமே நிற்கும். கேம் நமக்குத் தருகிற பெரிய சுதந்திரம் எல்லாம் தெரிந்திருப்பதுதான். அன்றைக்கு இருந்தவர்களின் கையைக் கட்டிப் போட்டதில் பாதி, தெரியாமை.

அதனால் அடுத்த முறை ஆடும்போது ஒரு விதி வச்சு ஆடிப் பாருங்க. தூரத்து நாட்டில் எது நடந்தாலும், கேம் கணக்கில் ஐந்து மாசம் கழிச்சுத்தான் நீங்க அதுக்கு ஏத்த மாதிரி நகரலாம். நடுவில் பாஸ் பண்ணக் கூடாது. முதல் போரிலேயே தெரியும் சங்கதி.

"ஜெயிக்கணும்னு இருந்துச்சு" என்ற வசனத்தையும் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். எல்லாம் விதி என்றால், கப்பலைத் திருப்பிய தோர்வும் பொறுப்பில்லை, ஊரை விற்றவரும் வாங்கியவரும் பொறுப்பில்லை. அது எல்லாருக்கும் ரொம்ப வசதியான பதில்.

வர்ற லீவில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் போனா, கோட்டை இருந்த இடத்தையும் போய்ப் பாருங்க. அங்கே நின்னு நாலு பக்கமும் திரும்பிப் பாருங்க. அந்தக் குண்டு விழுந்த ஊர்களில் இருந்தவங்க யார் கையிலும் மவுஸ் இல்லை.