பாலத்திற்கும் மதிப்பெண்!

மழைக்காலம் வந்துவிட்டால் குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் எழும் முதல் கேள்வி, "பரவனாற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது? பஸ் வருமா?" என்பதே. ஒரு பாலம் அடைபட்டால் பள்ளி, சந்தை, மருத்துவமனை யாவும் தொலைவாகிவிடுகின்றன. பழுதான பாலங்கள் பல; பணமோ அளவானது. எதை முதலில் சீர்செய்வது?

1967 டிசம்பர் 15 அன்று அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றின் மீதிருந்த 'சில்வர் பாலம்' இடிந்து 46 பேர் மாண்டனர். பாலத்தைத் தாங்கிய எஃகுச் சங்கிலியின் ஒரு கண்ணியில் இருந்த சிறு விரிசலே காரணம். அதன் பின்னரே அங்கு பாலங்களை முறையாகச் சோதிக்கும் விதிகள் பிறந்தன. மதிப்பெண் முறையும் வந்தது. மொத்தம் 100. வலிமைக்கு 55, அகலம், உயரம் போன்ற போக்குவரத்து வசதிக்கு 30, பாலத்தின் இன்றியமையாமைக்கு 15.

வலிமையை மட்டும் பார்த்தால் போதாதா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் பாலத்தில் நாளொன்றுக்கு 3,000 வண்டிகள் செல்வதாகக் கொள்வோம். அது மூடப்பட்டால் சுற்றுவழி 2 கிலோமீட்டர். இரண்டாவதில் 500 வண்டிகளே. ஆனால் சுற்றுவழி 20 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: முதலாவதில் நாள்தோறும் 6,000 கிலோமீட்டர் வீண் ஓட்டம், இரண்டாவதில் 10,000! வண்டி குறைவான பாலமே அதிகம் தேவைப்படுகிறது.

2016 ஆகஸ்ட் 2 இரவு, மராட்டிய மாநிலம் மகாட் அருகே சாவித்திரி ஆற்று வெள்ளத்தில், ஆங்கிலேயர் காலப் பாலம் ஒன்று பேருந்துகளோடு அடித்துச் செல்லப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 4 அன்று இந்தியப் பால மேலாண்மை முறை தொடங்கப்பட்டது. தேசிய நெடுஞ்சாலைகளிலுள்ள ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட பாலங்களும் சிறுபாலங்களும் கணக்கெடுக்கப்பட்டன. கட்டமைப்பின் நிலைக்கு 0 முதல் 9 வரை எண் தரப்படுகிறது.

ஆயினும் கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் பார்த்து மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம். நீரின் வேகம் இரு மடங்கானால் தூணின் மீது அதன் விசை நான்கு மடங்காகும். வெள்ளம் தூணைச் சுற்றியுள்ள மணலையும் அரித்துவிடும். திருச்சியில் 1928இல் கட்டப்பட்ட பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தன. புதிய பாலம் 2016இலேயே திறக்கப்பட்டு, வண்டிகள் அதற்கு மாறியிருந்ததால் பெருந்துயர் நேரவில்லை.

அடுத்த முறை பாலத்தைக் கடக்கும்போது சற்றே கவனியுங்கள். மழைநீர் வடியும் துளைகள் அடைபட்டுள்ளனவா? கைப்பிடிச் சுவரில் கம்பி வெளியே தெரிகிறதா? கண்டால் நெடுஞ்சாலைத் துறைக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். வெள்ளம் வந்தபின் எழுதிப் பயன் என்ன?