பெயர் சூட்டப்படாத பெருமழை

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. மழை பதிவானது, காயல்பட்டினத்தில் பெய்தது அம்மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியைவிட மிகுதி. இரண்டு வாரங்களுக்கு முன் சென்னையை மூழ்கடித்த மிக்ஜாம் புயலுக்குப் பெயரும் பாதையும் இருந்தன. தென்மாவட்டப் பெருமழைக்கோ குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி, அதாவது தரைக்கு உயரே உள்ள காற்றடுக்குகளில் உண்டாகும் சுழலோட்டம், காரணமாக இருந்ததால் மக்கள் கவனிக்கப் பழகிய அடையாளம் எதுவும் அதற்கு இல்லை. புயல் வந்தால்தான் ஆபத்து என்ற எண்ணம் கடலோரத்தில் ஆழ வேரூன்றியிருப்பது மிகுந்த கவலைக்குரியது.

துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்ணிட்டு ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு கப்பல்களுக்கான குறியீடாகும். அதில் 5, 6, 7 ஆகிய மூன்றும் புயல் துறைமுகத்தின் எப்பக்கமாகக் கடக்கும் என்பதை வேறுபடுத்துபவை. இம்மூன்றுக்குள் எண் கூடியதால் வலிமை கூடியது என்று கொள்வது பிழை. மழையளவைக் கூண்டு தெரிவிப்பதில்லை. மழைக்கென இந்திய வானிலை ஆய்வுத் துறை தரும் நிற எச்சரிக்கையில் மஞ்சள் கவனிக்கவும், ஆரஞ்சு ஆயத்தமாகவும், சிவப்பு உடனே செயல்படவும் சொல்கின்றன. ஒரு நாளில் 20.4 செ.மீ.க்கு மேற்பட்டதே அதிகனமழை என்பதாலும் சிவப்புக்கு மேல் வேறு நிறம் இல்லாததாலும், 21 செ.மீ.க்கும் 95 செ.மீ.க்கும் நிறம் ஒன்றே. ஒரு சதுர கி.மீ. நிலத்தில் 1 செ.மீ. மழை என்பது ஒரு கோடி லிட்டர் நீர் என்று கணக்கிட்டால் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு விளங்கும்.

இந்நீர் எங்கே செல்லும் என்பதை ஊரின் நில அமைப்பே தீர்மானிக்கிறது. தாமிரபரணியின் அணைகள் மலையடிவாரத்தில் இருக்க, 2023இல் கடலோரச் சமவெளியிலும் பெருமழை பெய்ததால், அணைகளில் எவ்வளவு தேக்கினாலும் கீழே விழுந்த நீரைத் தடுத்திருக்க இயலாது. அங்கே காவலாக எஞ்சியவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்ட குளங்களே. குளம் நிறைந்தபின் மிகுநீர் வழிந்தோடும் கற்கட்டை அப்பகுதியினர் மறுகால் என்பர்; மறுகால் ஓடை தூர்ந்தோ ஆக்கிரமிக்கப்பட்டோ இருந்தால் நீர் கரையை உடைக்கிறது, மேற்குளம் உடைந்த வேகத்தில் கீழ்க்குளமும் உடைகிறது. அப்பெருமழையிலும் பல குளங்கள் உடைந்தன. எனவே புரட்டாசிக்குள் மடைகளைச் சரிபார்ப்பதும், மறுகால் ஓடையை அளந்து மீட்பதும், கரையின் பலவீனமான இடங்களில் மணல்மூட்டைகளைச் சேர்த்து வைப்பதும் எந்த மீட்புப் படையின் வருகையைவிடவும் பயன் தருபவை. ஆற்றின் முகத்துவாரத்தில் கடலேற்றமும் கரைநோக்கி வீசும் பலத்த காற்றும் சேர்ந்தால் வெள்ளம் வடியாது தேங்கும் என்பதால், புன்னைக்காயல் போன்ற கழிமுக ஊர்களின் மக்களை முன்னதாகவே வெளியேற்றுவது அவசியம்.

காற்றின் அழிவு வேறு வகையினது. வேகம் இரு மடங்கானால் அது செலுத்தும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், தென்னந்தோப்புகளோடு மின்கம்பங்களையும் சாய்த்ததால், மோட்டாரை நம்பியிருந்த ஊர்கள் குடிநீருக்கும் தவித்தன. மேல்நிலைத் தொட்டிகளை முன்னதாக நிரப்பி, ஊராட்சிக்கு ஒரு ஜெனரேட்டரையேனும் ஏற்பாடு செய்வது பெருஞ்செலவன்று. புயலின் கண், அதாவது நடுவிலுள்ள அமைதியான பகுதி, கடக்கும்போது ஏற்படும் ஓய்வை நம்பி வெளியே வருவோரை எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும் காற்று தாக்குகிறது. 2017இல் கன்னியாகுமரிக்கு அருகே உருவாகி விரைந்து வலுப்பெற்ற ஒக்கி புயல், பல நாள் கடலில் தங்கித் தொழில் செய்வோருக்குக் கரையில் விடுக்கும் எச்சரிக்கை மட்டும் போதாது என்பதைப் பேரிழப்போடு காட்டியது. ஆழ்கடல் படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழித் தகவல் சென்றாக வேண்டும்.

ஓடும் வெள்ளத்தில் 15 செ.மீ. ஆழமே ஒருவரின் காலை வாரிவிடக்கூடும், 30 செ.மீ. நீர் சிறிய காரையே மிதக்கச் செய்யும் என்பதால் தரைப்பாலம் மூழ்கியபின் கடக்க முயல்வது கூடாது. ஒவ்வொரு உள்ளாட்சியும் 20, 40, 60 செ.மீ. மழைக்கு எந்தத் தெரு மூழ்கும், எந்தப் பள்ளிக்கூடம் மூழ்காது என்பதைக் கணித்து, மாநில உதவி எண் 1070, மாவட்ட உதவி எண் 1077 ஆகியவற்றுடன் ஐப்பசி பிறக்கும் முன் ஊரறியப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். எழுதாத ஊர்களில் அதைக் கேட்டுப் பெறுவது கிராமசபைகளின் உரிமை.