மடிப்புக் கைப்பேசி: வரவும் செலவும்

பிழைப்பின் பொருட்டு வெளியூர்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் நம்மவர் பலர், ஊரிலிருக்கும் பெற்றோருக்கு விலையுயர்ந்த தொடுதிரைக் கைப்பேசியை வாங்கி அனுப்புகின்றனர். அன்பின் மிகுதியால் செய்யும் காரியமே. ஆயினும், எழுபது வயதைக் கடந்த தாயார் வழவழப்பான கண்ணாடிமேல் விரலை வைத்துத் தடுமாறுவதைக் கண்டவர்கள், அழுத்தும் பொத்தான்களின் அருமையை அறிவர். ஆகவே, மடித்து மூடும் கைப்பேசியின் குணதோஷங்களை, ரயில்வே கணக்கேட்டில் எழுதுவது போல் வரவு, செலவு என்று பிரித்து ஆராய்வோம்.

இவ்வகைக் கருவி புதியதன்று. மோட்டரோலா கம்பெனியார் 1996ஆம் ஆண்டிலேயே ‘ஸ்டார்டாக்’ என்னும் மடிப்புப் போனை வெளியிட்டனர். நம் நாட்டில் 2022 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த நோக்கியா 2660 ஃபிளிப்பை உதாரணமாகக் கொள்வோம். அப்போது அதன் விலை 4,699 ரூபாய்.

முதலில் வரவு. மூடியிருக்கையில் பொத்தான்கள் உள்ளே அடங்கியிருப்பதால், மடியிலோ பையிலோ தாமாக அழுந்தி யாருக்கோ அழைப்புப் போவதில்லை. எண்கள் பெரியவை. வெளிப்புறத்திலுள்ள 1.77 அங்குலத் திரையில், அழைப்பவர் இன்னார் என்று திறவாமலே அறியலாம். காதுக் கருவி அணிந்தோருக்கும் இது ஏற்றது. பாட்டரியைக் கழற்றி மாற்றலாம். எல்லாவற்றினும் மேலாக, ஆபத்துக் காலத்தில் அழுத்துவதற்கென்றே தனிப் பொத்தான் ஒன்று உண்டு. முன்னரே பதிந்து வைத்த உறவினரை அது அழைக்கும்.

இனிச் செலவு. இதில் வாட்ஸ்அப் இல்லை. தூரதேசத்துப் பேரனின் முகத்தைப் பாட்டி காண இயலாது. காமிரா பெயரளவுக்கே. பணம் அனுப்பவோ, ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கிவைத்த ‘யு.பி.ஐ. 123பே’ போன்ற வழிகளையே நாட வேண்டும். மோசக்காரர்களிடமிருந்து இக்கருவி காப்பாற்றும் என்றும் எண்ண வேண்டாம். குறுஞ்செய்தியில் வரும் ரகசிய எண்ணை எவர் கேட்டாலும் சொல்லலாகாது என்பதையும், ஏமாந்தால் உடனே 1930ஐ அழைக்க வேண்டும் என்பதையும் பெரியவர்களுக்குச் சொல்லி வைப்பது நம் கடமை.

இவை யாவற்றுக்கும் முன்னே பார்க்க வேண்டியது அலை. அஞ்சுநாட்டு ஊர்களுள் ஒன்றான காந்தலூரை நினைத்துப் பாருங்கள். வெள்ளைப்பூண்டும் ஆப்பிளும் விளையும் அம்மலைச் சரிவுகளில், ஒரு முற்றத்தில் கிடைக்கும் அலை, குன்று மறைத்த அடுத்த முற்றத்தில் கிடைக்காமற் போகலாம். மேலும், ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது. விலை மலிவென்று 2ஜி போன் வாங்கினால் அந்தச் சிம் அதில் வேலை செய்யாது. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் 2ஜி சேவையே நிறுத்தப்பட்டது. பழைய கருவிகள் ஊமையாயின. ஆதலின் 4ஜியில் பேசக்கூடிய மடிப்புப் போனையே வாங்குவது விவேகம். மேற்சொன்ன நோக்கியா அத்தகையதே.

வாங்குமுன், எந்தக் கம்பெனியின் சிம் வீட்டுக்குள் தெளிவாகப் பேசுகிறது என்று அண்டை வீட்டாரின் போனைக் கொண்டு சோதியுங்கள். தமிழ்க் குறுஞ்செய்தி எழுத்து உடையாமல் தெரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். வாங்கியபின், ஆபத்துப் பொத்தானில் முதல் எண்ணாக அயலூர் மகனின் எண்ணைப் பதிய வேண்டாம். ஓடி வரக்கூடிய பக்கத்து வீட்டாரின் எண்ணைப் பதியுங்கள். அப்பொத்தானைத் தாயாரின் கையாலேயே ஒரு முறை அழுத்தச் செய்யுங்கள்.

தனித்திருக்கும் முதியவருக்குப் பேச்சும் பாதுகாப்புமே தேவையெனில், வரவே மிகுதி. கொடுப்பவரின் ஆசைக்கு அன்று, பிடிப்பவரின் கைக்கு ஏற்றதே நல்ல கருவி.